மிளகிலிருந்து பைப்பரினைப் பிரித்துச் சோதிப்பது எப்படி? ஆல்கலாய்டு வேலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூலிகையிலிருந்து ஆல்கலாய்டு (செடிகளில் உண்டாகும் நைட்ரஜன் கொண்ட சேர்மம்) பிரிக்கும் வேலையை முதன்முறை செய்பவருக்கு மிளகைத்தான் கையில் கொடுப்பேன். மளிகைக் கடையில் கிடைக்கும். மிளகுக்கு உறைப்பைத் தரும் பைப்பரின் என்ற ஆல்கலாய்டு அதில் தாராளமாக இருக்கும். இரண்டு நாளில் கண்ணால் பார்க்கும்படி மஞ்சள் படிகம் வரும். ஆனால் வழக்கமான ஆல்கலாய்டு செய்முறையை அப்படியே பின்பற்றினால் மிளகில் ஒன்றுமே கிடைக்காது. புதியவர்கள் வழுக்கி விழும் முதல் இடம் அதுதான் என்பதால், கண்ணாடிச் சாமானைத் தொடும் முன் அதைப் பேசிவிடலாம்.

1. கரைப்பானைத் தேடும் முன் சேர்மத்தின் குணத்தைப் பாருங்கள்

பாடப்புத்தகத்து முறை இதுதான்: செடித்தூளை நீர்த்த அமிலத்தில் ஊறவை. ஆல்கலாய்டு உப்பாக மாறி நீரில் இறங்கும். அமிலமாக இருக்கும்போதே குளோரோஃபார்மால் குலுக்கி, கொழுப்பையும் நிறத்தையும் எடுத்து ஊற்றிவிடு. அப்புறம் அம்மோனியா சேர்த்துக் காரமாக்கி, மறுபடி குளோரோஃபார்மால் ஆல்கலாய்டை வெளியே எடு.

ஆல்கலாய்டில் உள்ள நைட்ரஜன் புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் எழுதிய முறை இது. பைப்பரினில் அந்த நைட்ரஜன் அமைடுக்குள், அதாவது கார்பனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) ஒட்டிய அமைப்புக்குள், இருக்கிறது. பக்கத்திலுள்ள கார்பனைல் அதன் எலெக்ட்ரான் இணையை இழுத்து வைத்துக்கொள்வதால் நீர்த்த அமிலத்தில் அது உப்பாகாது, நீரிலும் இறங்காது.

ஒரு மாணவி மூன்று நாள் இந்த முறையில் உழைத்து, கடைசியில் வெறும் பீக்கரைக் கொண்டுவந்து காட்டினார். கழிவுப் பாட்டிலை எடுத்துவரச் சொன்னேன். முதல் குலுக்கலில் ஊற்றிவிட்ட குளோரோஃபார்ம் பாதி ஆவியாகி, பாட்டிலின் உட்சுவரில் மஞ்சளாகப் படிந்திருந்தது. அவர் தேடிய பொருள் முழுக்க அங்கேதான் இருந்தது.

ஆகவே எந்தச் செடியானாலும் முதல் வேலை தாளில்தான். தேடும் ஆல்கலாய்டின் வடிவத்தை வரைந்து, நைட்ரஜன் கார்பனைல் ஒட்டாத அமீனா, ஒட்டிய அமைடா என்று பாருங்கள். பைப்பரினுக்கு இன்னும் சில எண்களையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு எடை 285. உருகுநிலை 128 முதல் 130 டிகிரி செல்சியஸ். ஒரு கிராம் கரைய 15 மி.லி. எத்தனால் போதும். ஒரு லிட்டர் தண்ணீரிலோ சுமார் 40 மில்லிகிராம்தான் கரையும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கடைசி இரண்டு எண்களை நம்பித்தான் நிற்கின்றன.

2. மேசையில் முன்கூட்டியே இருக்கவேண்டியவை

முழு மிளகு 20 கிராம், 95 சதவீத எத்தனால் சுமார் 300 மி.லி., பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அசிட்டோன், ஹெக்சேன், வாலைவடிநீர், ஐஸ். கருவிகளில் 250 மி.லி. உருண்டை அடிக் குடுவை, நீர்க் கண்டென்சர் (ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்குவது), ஹீட்டிங் மேண்டில் (குடுவையைச் சூடாக்கும் மின்கருவி), புக்னர் புனல் (உறிஞ்சி வடிகட்டுவது), வடிதாள், அலுமினியத் தாள். சோதனைக்கு சிலிக்கா ஜெல் பூசிய டிஎல்சி தகடு (கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தகடு), டிராகன்டார்ஃப் கரைசல் (ஆல்கலாய்டில் ஆரஞ்சு நிறம் தருவது), உருகுநிலைக் குழாய்கள், தூய பைப்பரின் சிறிதளவு.

கல்லூரிகளில் எத்தனால் இருப்புக்கு அனுமதியும் கணக்கும் உண்டு. வேலை தொடங்கும் வாரத்தில் கேட்டால் கிடைக்காது, முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஒப்பீட்டுக்கான தூய பைப்பரினையும் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடவேண்டாம். அது இல்லாவிட்டால் கையில் வந்தது பைப்பரின்தான் என்று நிரூபிக்க வழியில்லாமல் போகும்.

திறந்த தீ எங்கேயும் கூடாது. எத்தனால், அசிட்டோன், ஹெக்சேன் மூன்றும் எளிதில் பற்றும். பக்கத்து மேசையில் பன்சன் விளக்கு எரிந்தாலும் நம் வேலையை நிறுத்திவைக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் முதல் நிமிடத்திலிருந்தே.

3. மிளகைத் தயார்செய்தல்

பொடியாக விற்பதை வாங்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, அரைத்து எத்தனை மாதம் ஆனது என்பதும் தெரியாது. முழு மிளகிலும் பப்பாளி விதை கலப்பது பழைய வித்தை. ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போடுங்கள். நல்ல மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். உள்ளீடு இல்லாத சொத்தை மிளகும் மிதக்கும் என்பதால் மிதப்பதை எல்லாம் அள்ளிப் போட்டுவிடலாம்.

நனைந்த மிளகை நிழலில் உலர்த்தி, பிறகு 45 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வையுங்கள். ஈரம் இருந்தால் எத்தனாலின் வீரியம் குறையும். கூடவே சர்க்கரையும் பசையும் கரைந்து வந்து வடிகட்டும்போது தாளை அடைத்துக்கொள்ளும்.

மிக்ஸியில் விட்டுவிட்டு அரையுங்கள். ஒரே மூச்சில் அரைத்தால் ஜார் சூடாகும், எண்ணெய் கசிந்து தூள் கட்டிபிடிக்கும். ரவை பதம் போதும். மாவாக அரைத்தால் வடிதாளில் ஒரு சொட்டுகூட இறங்காது. மூடியைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம் பொறுங்கள், தூள் அடங்கட்டும்.

4. எத்தனாலில் காய்ச்சுதல்

20 கிராம் தூளைக் குடுவையில் போட்டு 150 மி.லி. எத்தனால் ஊற்றி, இரண்டு மூன்று பீங்கான் துண்டுகள் போடுங்கள். அவை இல்லையென்றால் தூள் படிந்த அடியில் சூடு கட்டி, திடீரென்று பொங்கிக் கண்டென்சருக்குள் ஏறிவிடும். கண்டென்சரில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்த பிறகே மேண்டிலைப் போடுங்கள். ஒன்றரை மணி நேரம் மெல்லக் கொதிக்கட்டும்.

சூடு தணியுமுன் வடிகட்டி, சக்கையை மறுபடி 80 மி.லி. எத்தனாலில் அரை மணி நேரம் காய்ச்சி, இரண்டு சாற்றையும் சேர்த்துவிடுங்கள். முதல் தடவையே எல்லாம் வந்துவிடும் என்று இரண்டாவதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. ஆனால் சக்கை தன் எடையைவிட அதிகமாகச் சாற்றை உறிஞ்சி வைத்திருக்கும். அதை அப்படியே குப்பையில் போட மனம் வரக்கூடாது.

சாக்ஸ்லெட் (கரைப்பானைத் திரும்பத் திரும்பத் தூளின் வழியே ஓடவிடும் கருவி) இருந்தால் அதில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டால் போதும், வடிகட்டும் தொல்லையும் இல்லை. சேர்ந்த சாற்றுக்கு உடனே அலுமினியத் தாள் சுற்றுங்கள். பைப்பரினில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் அவை திரும்பிக்கொண்டு, உறைப்பில்லாத வேறு வடிவங்களாக மாறும். எடை குறையாது, பொருள் மட்டும் மாறிப்போகும். அதனால் இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது.

5. சுண்டவைத்தல்

ரோட்டரி எவாப்பரேட்டரில் (குடுவையைச் சுழற்றி, அழுத்தத்தைக் குறைத்துக் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) 60 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வைத்து 15 மி.லி. அளவுக்குக் கொண்டுவாருங்கள். குடுவையில் 15 மி.லி. எதுவரை வரும் என்று வெளியே முன்பே கோடு போட்டு வையுங்கள். முழுக்க வற்றவிட்டால் கரும்பழுப்புப் பிசின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பாதியில் நிறுத்தி 50 மி.லி. வைத்துக்கொண்டால் படிகம் கரைசலிலேயே தங்கிவிடும்.

6. பொட்டாஷ் சேர்ப்பது எதற்கு?

ஒன்றரை கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை (இதைத்தான் பொட்டாஷ் என்கிறேன்) 15 மி.லி. எத்தனாலில் கரைத்து, சூடு ஆறிய சாற்றில் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். கரைசலை அன்றன்று தயாரிக்க வேண்டும். பழைய எத்தனால் பொட்டாஷ் பழுப்பாகி, நாம் நீக்கப் பார்க்கும் நிறத்தையே திரும்பச் சேர்க்கும்.

ஆல்கலாய்டைக் காரமாக்க இது சேர்க்கப்படுகிறது என்று பலர் நோட்டில் எழுதுகிறார்கள். அப்படியல்ல. சாற்றில் பைப்பரினோடு பிசின் அமிலங்களும் வந்திருக்கின்றன. பொட்டாஷ் அவற்றை உப்பாக்குகிறது. சில உப்புகள் உடனே கசடாக அடியில் படியும். மற்றவை பின்னால் தண்ணீர் சேர்க்கும்போது அதிலேயே தங்கிவிடும். பைப்பரின் மட்டும் எதற்கும் அசையாமல் இருக்கும். அமிலத்தில் சிக்காத அதே குணம் இங்கே நமக்கு உதவுகிறது.

பத்து நிமிடம் விட்டு, தெளிந்த மேல்கரைசலை வடித்தெடுங்கள். இந்தக் கட்டத்தில் கொதிக்கவிடவே கூடாது. எத்தனால் பொட்டாஷோடு மணிக்கணக்கில் காய்ச்சினால் அமைடு உடைந்து பைப்பரிக் அமிலமும் பைப்பரிடினும் ஆகிவிடும். மீன் வாடை போன்ற கூர்மையான அமீன் வாடை வந்தால் அதுதான் நடக்கிறது.

7. தண்ணீர் சேர்த்தல்: எல்லாரும் அவசரப்படும் இடம்

இப்போது கையில் இருப்பது சுமார் 30 மி.லி. எத்தனால் கரைசல். இருபது கிராம் மிளகில் ஒரு கிராம் பைப்பரின் இருந்தாலும் அதைக் கரைத்து வைக்க 15 மி.லி. எத்தனால் போதும் என்று பார்த்தோம். அப்படியானால் சும்மா வைத்தால் படிகம் வர வாய்ப்பு குறைவு. தண்ணீரைச் சேர்த்துத்தான் பைப்பரினைக் கரைசலிலிருந்து வெளியே தள்ள வேண்டும்.

பீக்கரை 40 டிகிரி வரை லேசாகச் சூடாக்கி, சொட்டுக்குழாயால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சொட்டு விழும் இடத்தில் பால்போல ஒரு கலங்கல் தோன்றும். பீக்கரைச் சுழற்றினால் மறையும். அடுத்த சொட்டு, மறுபடி கலங்கல், மறுபடி மறையும். ஒரு கட்டத்தில் சுழற்றியும் மறையாமல் மெல்லிய மூட்டமாக நிற்கும். அங்கே நிறுத்துங்கள். கண்ணாடிக் கம்பியால் பீக்கரின் உட்சுவரை நீர்மட்டத்துக்குக் கீழே நாலு தடவை கீறிவிட்டு, தாள் சுற்றி, அறையிலேயே ஆறவிடுங்கள். ஆறிய பிறகுதான் ஃபிரிட்ஜ். மறுநாள் காலையில் பழுப்பு நீருக்குள் வைக்கோல் நிறத்தில் ஊசி ஊசியாக நிற்பதைப் பார்க்கலாம்.

தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் என்ன ஆகும்? பைப்பரின் எண்ணெயாக வெளியேறி, அடியில் தேன்போல் ஒட்டிக்கொள்ளும். மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல், பிசினையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கியதன் விளைவு அது. அப்படி ஆகிவிட்டால் பீக்கரைக் கவிழ்த்துவிடாதீர்கள். கொஞ்சம் எத்தனால் சேர்த்து, 50 டிகிரி வரை சூடாக்கி, முழுக்கத் தெளிந்ததும் முதலிலிருந்து பொறுமையாகத் தண்ணீர் விடுங்கள். பழைய படிகத்தில் ஒரு துணுக்கு இருந்தால் அதை வித்தாகப் போடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒருநாள் இரவு போதவில்லையென்றால் இன்னொரு நாள் விடுங்கள். நடுநடுவே எடுத்து ஆட்டிப் பார்ப்பதைத்தான் விடவேண்டும்.

8. வடிகட்டி மறுபடிகமாக்குதல்

புக்னரில் உறிஞ்சி, ஐஸ் தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கடைசிக் கழுவுநீரை பிஎச் தாளில் தொட்டால் நடுநிலை காட்டவேண்டும். பொட்டாஷ் மிச்சமிருந்தால் உலரும்போது படிகத்தின் மேல் வெள்ளையாகப் பூக்கும், எடையும் கூடுதலாகக் காட்டும்.

இன்னும் சுத்தப்படுத்தாத இந்த உலர்ந்த படிகத்தின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் மேசையில் 20 கிராமுக்குப் பெரும்பாலும் 0.4 முதல் 0.7 கிராம் வரை வருகிறது.

மறுபடிகமாக்க அசிட்டோனும் ஹெக்சேனும் 3:2 கலவையாக எடுங்கள். அசிட்டோன் கரைக்கும், ஹெக்சேன் குளிர்ந்ததும் வெளியே தள்ளும். கொதிக்கும் கலவையைக் கரைய வேண்டிய அளவுக்கு மட்டுமே சேர்க்க வேண்டும். ஒரு கிராமுக்கும் குறைவான பொருளுக்கு 50 மி.லி. ஊற்றிவிட்டு “படிகம் வரவில்லை” என்று வருபவர்களே அதிகம். அப்படியானால் பாதியை ஆவியாக்கிவிட்டு மறுபடி குளிரவையுங்கள். இந்தச் சூடாக்கல் ஆவியை வெளியேற்றும் ஃபியூம் ஹூடில், தண்ணீர்த் தொட்டியின் மேல்தான் நடக்கவேண்டும்.

9. ஆல்கலாய்டு வண்ணச் சோதனைகளும் அவற்றின் பொய்களும்

டிராகன்டார்ஃப், மேயர், வாக்னர் கரைசல்கள் மூன்றும் ஒரே யோசனைதான். உலோக அயோடைடோ அயோடினோ, புரோட்டானேற்ற ஆல்கலாய்டோடு சேர்ந்து கரையாத வீழ்படிவைத் தரும். டிராகன்டார்ஃபில் ஆரஞ்சு, மேயரில் வெண்மை, வாக்னரில் செம்பழுப்பு.

மிளகுச் சாற்றை நீர்த்த அமிலத்தோடு குலுக்கி, நீர்ப்பகுதியில் மேயரை விட்டுப் பார்த்து, “மிளகில் ஆல்கலாய்டு இல்லை” என்று எழுதிய பதிவேடுகள் எனக்கு வந்திருக்கின்றன. முதல் பிரிவில் சொன்ன அதே காரணம்தான்: நீர்ப்பகுதியில் பைப்பரினே இல்லை. எதிர்த் திசைப் பிழையும் உண்டு. புரதம் இருந்தால் மேயர் கலங்கும், கூமரின் போன்றவை டிராகன்டார்ஃபில் நிறம் காட்டும். தேயிலையின் காஃபீனோ ஆல்கலாய்டாக இருந்தும் மேயரில் படியாது.

அதனால் எப்போதும் மூன்று குழாய் வையுங்கள்: உங்கள் பொருள், கரைப்பான் மட்டும், தெரிந்த ஆல்கலாய்டு ஒன்று. மூன்றும் இல்லாமல் ஒரு நிறத்தை நம்பாதீர்கள். பைப்பரினுக்கு டிராகன்டார்ஃபைக் குழாயில் செய்வதைவிட டிஎல்சி தகட்டின் மேல் தெளிப்பது நல்லது. மேயரில் பாதரசம் உண்டு, தொட்டியில் கொட்டாமல் தனிப் பாட்டிலில் சேர்த்து வையுங்கள்.

பைப்பரினுக்கென்றே ஒரு சோதனை: பீங்கான் தட்டில் ஒரு துணுக்குப் படிகம், ஒரு சொட்டு அடர் கந்தக அமிலம். இரத்தச் சிவப்பு தோன்றி, தண்ணீரில் நீர்த்தால் மறையும். பார்க்க அழகுதான், ஆனால் இது குறிப்புதான், சான்று அல்ல.

10. டிஎல்சி

மெத்தனாலில் மி.லி.க்கு ஒரு மில்லிகிராம் வீதம் கரைத்து, தகட்டில் நாலு புள்ளி வையுங்கள்: எத்தனால் சாறு, உங்கள் படிகம், தூய பைப்பரின், படிகமும் தூயதும் ஒரே இடத்தில். நாலாவது புள்ளியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் ஒரே உயரத்துக்கு ஏறியதுபோலத் தோன்றலாம். ஒன்றின்மேல் ஒன்று வைத்தது பிரியாமல் ஏறினால்தான் நம்பிக்கை வலுக்கும்.

டொலுவீன், எத்தில் அசிட்டேட் 7:3 கலவை நன்றாக வேலை செய்கிறது. ஜாடிக்குள் வடிதாள் வைத்து இருபது நிமிடம் மூடி, ஆவி நிறைந்த பிறகு தகட்டை இறக்குங்கள். இல்லாவிட்டால் ஓரப் புள்ளிகள் வளைந்து ஏறும். 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் கரும்புள்ளியாகவும், 365இல் நீலமாக ஒளிர்ந்தும் பைப்பரின் தெரியும். பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுவிட்டு, அப்புறம் டிராகன்டார்ஃப் தெளியுங்கள், ஆரஞ்சாகும்.

புத்தகத்தில் கண்ட ஆர்எஃப் எண்ணோடு (புள்ளி ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்தது) உங்கள் எண்ணை ஒப்பிடவேண்டாம். தகடு, ஈரப்பதம், வெப்பம் எல்லாம் அதை மாற்றும். அதே தகட்டில் ஓடிய தூய பொருள்தான் அளவுகோல்.

11. உருகுநிலையும் புற ஊதா அளவீடும்

படிகம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். 110 டிகிரி வரை வேகமாகப் போகலாம், அதன்பின் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிதான். 128இல் தொடங்கி 130க்குள் முடிந்தால் நல்ல பொருள். 118இல் வேர்க்கத் தொடங்கி 126 வரை இழுத்தால் கரைப்பானோ பிசினோ மிச்சம் இருக்கிறது, இன்னொரு முறை படிகமாக்குங்கள். சந்தேகம் தீர உங்கள் படிகத்தையும் தூய பைப்பரினையும் சம அளவு கலந்து உருக்கிப் பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் எண் இறங்காது.

எத்தனாலில் புற ஊதா உறிஞ்சல் உச்சம் 343 நானோமீட்டர் அருகில் வரும். அளவு காண, தூய பைப்பரினில் மி.லி.க்கு 1 முதல் 6 மைக்ரோகிராம் வரை ஐந்து கரைசல் செய்து நேர்கோடு வரையுங்கள். இவ்வளவு நீர்த்த கரைசல் ஜன்னலோரத்தில் வைத்தாலே மாறத் தொடங்கும், எனவே பழுப்புக் குடுவையில் செய்து அன்றே அளந்துவிடுங்கள்.

அகச்சிவப்புக் கருவி இருந்தால் 1630 செ.மீ⁻¹ அருகே அமைடு கார்பனைல் தெரியும். 3300 பக்கம் ஒன்றும் இருக்கக்கூடாது, ஏனென்றால் இந்த நைட்ரஜனில் ஹைட்ரஜன் இல்லை. அங்கே அகலமாக மேடு எழுந்தால் படிகம் ஈரமாக இருக்கிறது.

12. கணக்கு, சேமிப்பு, அடுத்த சோதனை

விளைச்சலும் மீட்பும் வேறு வேறு. 20 கிராமிலிருந்து 0.5 கிராம் என்றால் விளைச்சல் 2.5 சதவீதம். எத்தனால் சாற்றைப் புற ஊதாவில் அளந்தபோது ஒரு கிராம் இருந்ததாகத் தெரிந்தால், மீட்பு 50 சதவீதம். அந்த அளவீட்டுக்காகவே நாலாவது படியில் சாற்றிலிருந்து ஒரு மி.லி. எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள்.

படிகத்தைப் பழுப்புப் பாட்டிலில், தாள் சுற்றி, குளிரில் வையுங்கள். நாக்கில் வைத்துப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும், சமையல் பொருள்தானே என்று. கூடாது. கரைப்பான் மிச்சம் இருக்கும். தவிர, பைப்பரின் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும். மஞ்சளில் உள்ள குர்க்குமின் இரண்டு கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது குர்க்குமின் உடலில் சேர்வது 20 மடங்கு கூடியதாக 1998இல் மனிதர்களிடம் செய்த ஆய்வு காட்டியது. மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு இது விளையாட்டல்ல.

நுண்ணுயிர்ச் சோதனைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் டிஎல்சியும் உருகுநிலையும் தேறிய பொருளையே கொண்டுபோங்கள். நீரில் கரையாததால் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் கரைக்க வேண்டிவரும். இறுதிக் கலவையில் அது ஒரு சதவீதத்தைத் தாண்டவேண்டாம், சோதனைத் தட்டில் டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள ஒரு கிணறும் (சிறு குழி) கட்டாயம் இருக்கட்டும். அந்தக் கிணறு இல்லாமல் கிடைத்த தெளிவு வட்டம் (நுண்ணுயிர் வளராத இடம்) எதையும் சொல்லாது.

13. வேறு செடிக்கு மாறும்போது

திப்பிலிக்கு இதே முறை பொருந்தும். ஆனால் அதில் பைப்பர்லாங்குமின் என்ற இன்னொரு அமைடும் கூடவே வரும், எனவே டிஎல்சியில் ஒரே புள்ளி வரும்வரை விடாதீர்கள்.

ஆடாதோடை இலைக்குப் போனால் எல்லாம் தலைகீழ். அதிலுள்ள வாசிசின் உண்மையான காரம். அதற்கு அந்தப் பாடப்புத்தக முறைதான் சரி: அமிலத்தில் இறக்கி, அமிலமாகவே குளோரோஃபார்மால் பச்சையத்தை நீக்கி, அம்மோனியாவால் பிஎச் 9 முதல் 10 வரை ஏற்றி, பிறகு குளோரோஃபார்மால் எடுக்கவேண்டும். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது வாசிசினோனாக ஆக்சிஜனேற்றம் அடையும், எனவே வேலையை ஒரே நாளில் முடிக்கப் பாருங்கள். அங்கேயும் எந்த அடுக்கையும் உடனே கொட்டவேண்டாம். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு சொட்டை டிஎல்சி தகட்டில் வைத்து, டிராகன்டார்ஃப் தெளித்து, பொருள் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே கழிவுப் பாட்டிலைத் திறங்கள்.